ரப்பர் இலை உதிரும் மாதத்தில் ஒரு ஜாஸ் பாட்டு: கொயர் கிட்டார்காரர்களுக்கு ஒரு வழி

மார்கழி முடியும் நேரத்தில் அருமனை, குலசேகரம், எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளறடை என்று எந்த ரோட்டில் போனாலும் ரப்பர் தோட்டம் நிறம் மாறி நிற்கும். இலை மஞ்சளாகும், காவியாகும், அப்புறம் ஒரு காற்றுக்கு மொத்தமாகத் தரைக்கு வந்துவிடும். தளிர் வந்து முற்றும் வரை பல தோட்டங்களில் பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள். விடியற்காலை வேலை இல்லாத இளவட்டங்கள் எங்கள் சர்ச் கொயரிலும் உண்டு. ஒரு தை மாதம் அவர்களில் ஒருவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஜாஸ் ஒண்ணு சொல்லித் தாங்க" என்றான். வெளியே இலை கொட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

பாட்டின் பெயர் ஆட்டம் லீவ்ஸ். இலையுதிர்கால இலைகள் என்று அர்த்தம், நம்ம ஆட்டம் பாட்டம் அல்ல. ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் குடியேறிய ஜோசப் கோஸ்மா 1945இல் மெட்டுப் போட்டார், பிரெஞ்சுக் கவிஞர் ழாக் பிரெவெர் வரி எழுதினார். பிறகு அமெரிக்காவில் ஜானி மெர்சர் ஆங்கில வரி எழுத, ஜாஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்படி உலகத்து ஜாஸ்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த பாட்டைத்தான் ஸ்டாண்டர்ட் என்கிறார்கள். முன்பின் பார்த்திராத நாலு பேர் மேடையில் சேர்ந்து, பெயரையும் சுருதியையும் மட்டும் சொல்லிவிட்டு வாசிக்கலாம். முதலில் மெட்டை ஒரு தடவை வாசிப்பார்கள். பிறகு அதே கார்டு வட்டம் சுற்றிச் சுற்றி வரும், அதன்மேல் ஆளுக்கொரு முறை கற்பனையாக வாசிப்பார்கள். கடைசியில் மறுபடியும் மெட்டு. கச்சேரியில் நிரவல் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது.

இந்தக் கட்டுரை யாருக்கு? கொயரில் ஒரு வருஷமாவது ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர் போட்டு வாசித்தவர்களுக்கு. எஃப் பார் கார்டு (ஒரு விரலை எல்லாக் கம்பியிலும் படுக்கவைத்துப் பிடிப்பது) கொஞ்சம் இடித்தாலும் பரவாயில்லை, இதில் பார் கார்டே வராது. கார்டு மாற்றும்போது இன்னும் பாட்டு நிற்கிறது என்றால் ஆறு மாதம் பாமாலையும் கீர்த்தனையும் வாசித்துவிட்டு வாருங்கள். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கிட்டார் எதுவானாலும் சரி. சாதாரண அக்கூஸ்டிக் போதும். ஒன்றை மட்டும் பாருங்கள்: 12ஆம் ஃபிரெட்டில் 6ஆம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கி வாங்குங்கள். என் முதல் கிட்டாரில் சுண்டுவிரலே நுழையும். இரண்டு வருஷம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார்.

முதலில் வாய்

முதல் வாரம் கிட்டாரைத் தொடவே வேண்டாம். சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நாட் கிங் கோல் பாடியதைக் கேளுங்கள். உச்சரிப்பு தெளிவு, மெட்டைக் கோணலாக்காமல் பாடுவார். மெட்டு வாயில் ஏறியதும் 1958இல் சாக்ஸஃபோன்காரர் கேனன்பால் ஆடர்லி பெயரில் வந்த பதிவைக் கேளுங்கள். அதில் மெட்டை வாசிப்பவர் மைல்ஸ் டேவிஸ், டிரம்பெட்டின் வாயில் மூடி போட்டு. ஏறக்குறைய 11 நிமிடம். ஆரம்பத்தில் தனியாக ஒரு முன்னிசை ஓடும், இது வேறு ஏதோ பாட்டு என்று மாற்றிவிடாதீர்கள்.

நடந்துகொண்டே, பஸ்ஸில் போய்க்கொண்டே, லலலா என்று மெட்டைப் பாடுங்கள். வரி தேவையில்லை. யாராவது நடுவில் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா, அதுதான் சோதனை. மெட்டு வாயில் இல்லாமல் கார்டை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் பாட்டின் நடுவில் தொலைந்துபோவார்கள். நானே தொலைந்திருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வரும்.

மெட்டைக் கம்பியில் தேடுவது

சுருதியை இ மைனர் என்று வைத்துக்கொள்வோம். நம்ம கணக்கில் 3 கட்டை. லீட் ஷீட்டுகளிலும் (மெட்டும் கார்டு பெயரும் மட்டும் உள்ள தாள்) இந்தப் பாட்டு இ மைனரில் நிறையக் கிடைக்கும். திறந்த கம்பிகள் கைகொடுக்கும் என்பதால் கிட்டாருக்கும் வசதி. மைல்ஸ் டேவிஸ் வாசித்தது ஜி மைனர். அந்தப் பதிவோடு சேர்ந்து வாசிக்க ஆசை வந்தால் 3ஆம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு இதே விரலை வையுங்கள். தனியாகப் பழகும்போது கேப்போ வேண்டாம்.

கம்பிகளைத் தடித்ததிலிருந்து எண்ணினால் 6, 5, 4, 3, 2, 1. முதல் எட்டு பாரின் (நாலு எண்ணிக்கை ஒரு பார்) மெட்டு முழுவதும் 5, 4, 3ஆம் கம்பிகளில் முடிந்துவிடும்.

முதல் அடி: 4ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட், அதே கம்பி 4ஆம் ஃபிரெட், 3ஆம் கம்பி திறந்தபடி. பிறகு 3ஆம் கம்பி 5ஆம் ஃபிரெட்டுக்குத் தாவி அங்கே நீளமாக நில்லுங்கள். சுரமாகச் சொன்னால் ச ரி க, த.

இரண்டாவது: 4ஆம் கம்பி திறந்தபடி, 2, 4. பிறகு 3ஆம் கம்பி 4ஆம் ஃபிரெட்டில் நிற்கும். நி ச ரி, ப.

மூன்றாவது: 5ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட், 4ஆம் கம்பி திறந்தபடி, 4ஆம் கம்பி 2. பிறகு 3ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட். த நி ச, ம.

நாலாவது: 5ஆம் கம்பி 2, 5ஆம் கம்பி 4, 4ஆம் கம்பி 1. பிறகு 3ஆம் கம்பி திறந்தபடி. ப த நி, க.

மூன்று சுரம் ஏறி ஒரு நீள சுரத்தில் உட்காருவது, நாலு தடவையும் இதே கதைதான். உட்காருகிற இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்: த, ப, ம, க. ஒவ்வொரு படியாக இறங்குகிறது. மெட்டின் எலும்பு இவ்வளவுதான்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு சங்கதி. முதல் மூன்று அடியும் நடபைரவிக்குள் இருக்கும். நாலாவது அடியில் மட்டும் தைவதமும் நிஷாதமும் ஏறி கௌரிமனோகரி எட்டிப் பார்க்கும். பாட்டு கண்கலங்குகிற இடம் அதுதான். அங்கே பழக்கதோஷத்தில் பழைய நிஷாதத்தைப் போட்டால் மெட்டு சப்பென்று ஆகிவிடும், கவனம்.

இந்த எட்டு பார் அப்படியே இன்னொரு தடவை வரும். மிச்சம் பதினாறு பாரின் மெட்டை நான் எழுதித் தரப் போவதில்லை. பாடிக்கொண்டே தேடுங்கள். இரண்டு சாயங்காலம் ஆகும். தேடிப் பிடித்தது மறக்காது.

இரண்டு கம்பிதான் கார்டு

ஜாஸ் கேட்டு வந்த பயல் இந்த இடத்துக்கு வந்ததும் பாக்கெட்டிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட்டை எடுத்தான். அதில் கார்டுப் படம் நூறு இருக்கும். அவன் அப்படிச் செய்வான் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் அப்படி ஒரு புத்தகம் இருந்தது.

"அதை மடிச்சு வையி மக்கா. 4ஆம் கம்பியும் 3ஆம் கம்பியும் மட்டும் பிடி" என்றேன்.

"அண்ணே, ரெண்டு கம்பில கார்டு எங்க இருக்கு?"

"அதுலதான் இருக்கு. கேட்டுப் பாரு."

ஒரு கார்டு மேஜரா மைனரா என்று காதுக்குச் சொல்வது அதன் மூன்றாவது சுரம். அது உட்கார்ந்து ஓய்கிறதா, அடுத்த கார்டுக்குத் தள்ளுகிறதா என்று சொல்வது ஏழாவது சுரம். மற்றதெல்லாம் அலங்காரம். இந்தப் பாட்டில் அந்த இரண்டு சுரமும் 4, 3ஆம் கம்பிகளிலேயே அடுத்தடுத்து கிடைக்கின்றன. இதோ ஏழு கார்டு. முதல் எண் 4ஆம் கம்பியின் ஃபிரெட், அடுத்தது 3ஆம் கம்பியின் ஃபிரெட்.

ஏ மைனர் செவன்: 5, 5
டி செவன்: 4, 5
ஜி மேஜர் செவன்: 4, 4
சி மேஜர் செவன்: 2, 4
எஃப் ஷார்ப் மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ்: 2, 2
பி செவன்: 1, 2
இ மைனர்: 2, 0 (இதில் மட்டும் ஏழாவதுக்குப் பதில் இ சுரமே)

எது நகர்கிறது என்று பாருங்கள். முதலில் 4ஆம் கம்பி மட்டும் இறங்குகிறது, 3ஆம் கம்பி அசையவில்லை. அடுத்து 3ஆம் கம்பி மட்டும். திரும்ப 4ஆம் கம்பி. திரும்ப 3ஆம் கம்பி. குளத்துப் படியில் இறங்குவதுபோல, இடது கால், வலது கால், இடது கால். கடைசியில் இ மைனருக்குப் போகும்போதுதான் இரண்டும் சேர்ந்து அசையும், அதனால்தான் அங்கே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது.

கார்டு ஒன்றுக்கு நாலு எண்ணிக்கை, அதாவது ஒரு பார். இ மைனருக்கு மட்டும் இரண்டு பார். மொத்தம் எட்டு பார். இந்த இரண்டு கம்பியை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டு வாயால் மெட்டைப் பாடுங்கள். இதில் தாராளமாக ஒரு வாரம் இருங்கள். பயல் மூன்றாவது சுற்றில் பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "எல்லா கார்டும் கேக்குது அண்ணே" என்றான். பிரிண்ட் அவுட் அன்றைக்கு என் வீட்டிலேயே கிடந்தது, இப்போதும் எங்கேயோ கிடக்கிறது.

சிரட்டை

இப்போது அடியில் ஒரு சுரம் சேர்க்கிறோம், கார்டின் பெயருக்குரிய சுரம். மூன்றே கம்பி ஒலிக்கும் இந்தப் பிடிக்கு ஷெல் வாய்சிங் என்று பெயர். ஷெல் என்றால் ஓடு. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுகிற சிரட்டையை நினைத்து நான் சிரட்டை என்றே சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாம் அதில்தான் வந்து விழும்.

அடிச் சுரங்கள் இப்படி: ஏ மைனர் செவனுக்கு 6ஆம் கம்பி 5ஆம் ஃபிரெட். டி செவனுக்கு 5ஆம் கம்பி 5. ஜி-க்கு 6ஆம் கம்பி 3. சி-க்கு 5ஆம் கம்பி 3. எஃப் ஷார்ப்புக்கு 6ஆம் கம்பி 2. பி செவனுக்கு 5ஆம் கம்பி 2. இ மைனருக்கு 6ஆம் கம்பி திறந்தபடி. 6, 5, 6, 5 என்று மாறி மாறி, 5, 5, 3, 3, 2, 2, 0. இதை மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

விரல்: ஏ மைனர் செவனில் நடுவிரல் 6ஆம் கம்பியில், மோதிரவிரலும் சுண்டுவிரலும் 4, 3இல். டி செவனுக்கு நடுவிரலை 5ஆம் கம்பிக்கு மாற்றி, ஆள்காட்டி விரலை 4ஆம் கம்பியிலும் மோதிரவிரலை 3ஆம் கம்பியிலும் வையுங்கள். மற்றவை இவற்றின் சாயல்தான், விரல் தானே வழி கண்டுபிடிக்கும்.

கஷ்டமானது பிடிப்பதல்ல, ஒலிக்கக் கூடாததை ஒலிக்காமல் வைப்பது. 6ஆம் கம்பியில் அழுத்தும் விரலின் நுனி 5ஆம் கம்பியை லேசாக உரசிக்கொண்டு இருக்கட்டும், அது ஊமையாகிவிடும். 2, 1ஆம் கம்பிகளின் மேல் விரல்களின் அடிப்பகுதி சும்மா படுத்துக்கிடக்கட்டும். சர்ச்சில் ஆறு கம்பியையும் வழித்து அடித்துப் பழகிய கைக்கு இது ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும். கோழியை இறுக்காமல் பிடிக்கிற மாதிரி, விட்டாலும் ஓடும், இறுக்கினாலும் கத்தும்.

32 பார்

பாட்டின் மொத்த உருவம் 32 பார், எட்டு எட்டாக நாலு துண்டு. முதல் இரண்டு துண்டும் நாம் பார்த்த அதே எட்டு பார்.

மூன்றாவது துண்டு தலைகீழ்: முதலில் எஃப் ஷார்ப், பி செவன், இ மைனர் இரண்டு பார். பிறகு ஏ மைனர் செவன், டி செவன், ஜி இரண்டு பார். புதிதாக ஒரு கார்டும் இல்லை.

நாலாவது துண்டு: எஃப் ஷார்ப், பி செவன், இ மைனர் இரண்டு பார், சி மேஜர் செவன், பி செவன், இ மைனர் இரண்டு பார். முடிந்தது.

எல்லோரும் தப்பு செய்யும் இடம் 17ஆவது பார். கை மூன்றாவது தடவையும் ஏ மைனருக்குப் போகத் துடிக்கும். வாயில் மெட்டு ஓடிக்கொண்டிருந்தால் போகாது. கார்டை எண்ணிக்கொண்டிருந்தால் போகும்.

நாலாவது துண்டில் இ மைனர் வரும் இரண்டு பாரில் அனுபவசாலிகள் ஒரு சறுக்கு வைப்பார்கள்: இ மைனர் செவன், இ ஃபிளாட் செவன், டி மைனர் செவன், டி ஃபிளாட் செவன், இரண்டிரண்டு எண்ணிக்கையாக இறங்கி சி-யில் போய் விழும். 5ஆம் கம்பியில் அடிச் சுரம் 7, 6, 5, 4. 4ஆம் கம்பி 5, 5, 3, 3. 3ஆம் கம்பி 7, 6, 5, 4. கேட்க அருமையாக இருக்கும். முதல் மாதம் இதைத் தொடாதீர்கள்.

வலது கை, அல்லது நான் பட்ட அவமானம்

ஜாஸ் மாதிரி கேட்பதற்கும் சர்ச் பாட்டு மாதிரி கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் கார்டில் இல்லை. நாம் 1லும் 3லும் கைதட்டி வளர்ந்தவர்கள். ஜாஸில் டிரம்ஸ்காரரின் காலில் மூடுகிற ஹை-ஹாட் 2லும் 4லும் விழும். பழக ஒரு வழி: மெட்ரோனோமை 50இல் வையுங்கள். அந்த ஒலியை 2 என்றும் 4 என்றும் எண்ணிக்கொண்டு, நடுவில் 1ஐயும் 3ஐயும் நீங்களே போடுங்கள். வேகம் 100 ஆகிவிடும். முதல் நாள் நாலு பாருக்குள் ஒலி எப்படியோ 1இல் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்து ஸ்விங். ஒரு எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் சமமாக வராது, முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. திஸ்ர நடை தெரிந்தவர்கள் தகிட என்பதில் "தகி"யை ஒன்றாக இழுத்து "ட"வைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள்: தாஅட, தாஅட. நடுத்தர வேகத்துக்கு இது சரியாக இருக்கும். வேகம் கூடக் கூட இரண்டு பாதியும் சமத்துக்கு நெருங்கிவரும், அதைக் காது பார்த்துக்கொள்ளும்.

எப்படி அடிப்பது? முதலில் பாருக்கு நாலு தட்டு, நாலும் குட்டையாக, தட்டியதும் இடது கையைத் தளர்த்தி ஒலியை அணைத்துவிடுங்கள். 2ஐயும் 4ஐயும் ஒரு மிளகளவு அழுத்தமாக. கவுண்ட் பேஸி இசைக்குழுவில் ஃபிரெடி கிரீன் 1937இல் சேர்ந்தார், 1987இல் இறக்கும் வரை வேலை பார்த்தார். அக்கூஸ்டிக் கிட்டாரில் இந்த நாலு தட்டுதான் அவர் வாழ்நாள் தொழில். தனியாக முன்னே வந்து வாசித்தது அபூர்வம். அவர் இல்லாத அன்றைக்கு அந்தக் குழு வேறு குழு மாதிரி இருக்கும் என்பார்கள்.

நாலு தட்டு சலித்தபின் இரண்டே தட்டு: 1இல் ஒன்று, 2க்கு அடுத்து வரும் அந்த "ட"வில் ஒன்று. மீதி பாரில் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம்.

எனக்கும்தான். 20 வருஷத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டாளி வீட்டு மாடியில் நாலு பேர் கூடி வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, களியக்காவிளையில் பஸ் ஏறிப் போனேன். புத்தகத்தில் இருந்த கார்டு எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொரு பாரிலும் நாலு விதமான பிடி, ஆறு கம்பியும் ஒலிக்க, ஒரு இடம்கூட விடாமல் அடித்தேன். பேஸ் வாசித்தவர் என் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். மூன்றாவது சுற்றில் எந்த பாரில் இருக்கிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மெட்டை நான் ஒரு நாளும் பாடிப் பார்த்ததில்லை. டிரம்ஸில் இருந்த சேட்டன் குச்சியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கொறச்சு வாயிச்சா மதி, மோனே." கொஞ்சமாக வாசித்தால் போதும் மகனே என்று. கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கூடுதலாக வலித்தது. கடைசி பஸ்ஸில் திரும்பும்போது பாலராமபுரம் தாண்டும் வரை காது சுட்டது.

அதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு: கூட பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் அடிச் சுரத்தை விட்டுவிடுங்கள். பழைய இரண்டு கம்பி போதும். அது அவர் இடம்.

மெட்டும் கார்டும் ஒன்றாக

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிட்டாரை எடுத்துக்கொண்டு படியுங்கள்.

மெட்டின் நீள சுரங்கள் எங்கே இருந்தன? 3ஆம் கம்பியில் 5, 4, 2, 0. சிரட்டைகளின் மேல் சுரம் எங்கே இருந்தது? அதே 3ஆம் கம்பி. ஏ மைனர் செவனில் 5, ஜி-யில் 4, எஃப் ஷார்ப்பில் 2, இ மைனரில் 0. கோஸ்மா மெட்டை இறக்கிவைத்த இடமும் கார்டின் மூன்றாவது சுரமும் ஒன்றேதான். நீங்கள் சிரட்டையைப் பிடிக்கும்போதே மெட்டு அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே இப்படி: ச ரி க என்ற மூன்று சுரத்தை ஒற்றைக் கம்பியாக 2, 3, 4 எண்ணிக்கையில் வாசியுங்கள். அடுத்த 1இல் ஏ மைனர் செவன் சிரட்டையை முழுதாக, 3ஆம் கம்பி கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும்படி மீட்டுங்கள். த வந்துவிட்டது. நாலு எண்ணிக்கை ஒலிக்கட்டும். அடுத்த பாரின் 1இல் டி செவன் சிரட்டை. அதன் உச்சியும் அதே 5ஆம் ஃபிரெட், மெட்டு அறுபடாது. உடனே விரலை விட்டு நி ச ரி, 2, 3, 4. பிறகு ஜி சிரட்டை, ப. அடுத்து சி சிரட்டை, உச்சி அதே 4ஆம் ஃபிரெட். த நி ச. எஃப் ஷார்ப் சிரட்டை, ம. பி செவன், ப த நி. இ மைனர், க.

தனி ஒரு கிட்டாரில் மெட்டும் கார்டும் பேஸும் சேர்ந்து எட்டு பார். கார்டு மெலடி என்று பெரிய பெயர் சொல்லிப் பயமுறுத்துகிற விஷயம் இதுதான். எல்லாப் பாட்டிலும் இவ்வளவு வசதியாக அமையாது. முதல் ஸ்டாண்டர்டாக இதை நான் சொல்வதற்கு ரப்பர் இலையைவிட இதுதான் உண்மையான காரணம்.

வலது கையில் பிளக்ட்ரம் வைத்திருந்தால் நடுவில் உள்ள 5ஆம் கம்பி இடிக்கும். கட்டைவிரலும் இரண்டு விரலுமாக மீட்டிப் பாருங்கள். கட்டைவிரலால் அடி, ஆள்காட்டி, நடுவிரல்களால் 4ம் 3ம்.

கற்பனையாக வாசிக்க

இதைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதப் போவதில்லை. இரண்டு சொல்கிறேன்.

மெட்டிலிருந்து தொடங்குங்கள். நீள சுரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் போகும் மூன்று சுரத்தை மட்டும் மாற்றுங்கள். ஒன்றைக் குறையுங்கள், ஒன்றைத் தாமதமாக வாசியுங்கள், மேலிருந்து வந்து இறங்குங்கள். த, ப, ம, க-வில் சரியாகப் போய் உட்கார்ந்தால் நடுவில் எந்த வழியாக வந்தாலும் பாட்டு கேட்பவருக்குப் புரியும். நடபைரவி சுரங்களே பெரும்பாலும் போதும். பி செவன் வரும் பாரில் மட்டும் நிஷாதத்தை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம்ம கை கமகத்துக்குப் பழகியது. ஒரு ஃபிரெட் கீழிருந்து வழுக்கி வருவது ஜாஸிலும் அழகு. ஒவ்வொரு சுரத்தையும் ஆட்டினால் ஸ்விங் உடைந்துவிடும். பாருக்கு ஒரு வழுக்கல் என்று நீங்களே ரேஷன் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்கிற விதம்

நன்றாக வாசித்துவிட்டு முடிக்கத் தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேசி வைத்துக்கொள்ளுங்கள். எளிய வழி: கடைசி மெட்டு முடியும்போது கடைசி நாலு பாரை, அதாவது சி, பி செவன், இ மைனர், இ மைனர், மொத்தம் மூன்று தடவை வாசிப்பது. மூன்றாவது தடவை வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பி செவனில் எல்லோரும் நிற்க வேண்டும், யாராவது ஒருவர் தலையசைக்கும் வரை.

பிறகு கடைசி இ மைனர். இதற்கு மட்டும் சிரட்டை வேண்டாம், இவ்வளவு நாள் அடக்கி வைத்த ஆறு கம்பியையும் அவிழ்த்துவிடலாம்: 5ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், 4ஆம் கம்பி 4ஆம் ஃபிரெட்டில் சுண்டுவிரல், மற்ற நாலும் திறந்தபடி. 6ஆம் கம்பியிலிருந்து கட்டைவிரலால் மெதுவாக, ஒவ்வொன்றாக. நடுவில் ரிஷபம் ஒன்று காந்தாரத்தோடு உரசிக்கொண்டு நிற்கும். கையை எடுக்காதீர்கள். ஒலி தானாக அடங்கட்டும்.